‘தரப்படுத்தப்பட்ட தேர்வு’ வேண்டாம், ‘ஒருசீர்த் தேர்வு’ என்போம்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர் பயிற்சிக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் ‘ஸ்டாண்டர்டைஸ்டு டெஸ்ட்’ என்பதற்குத் ‘தரப்படுத்தப்பட்ட தேர்வு’ என்பதையே வைத்துக்கொள்ளலாம், பழகிய சொல்லை மாற்ற வேண்டாம் என்று நேற்று ஐயா எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை நானும் பல ஆண்டுகளாக எழுதி வந்தவன்தான். ஆயினும் அதை விட்டுவிட வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன். அதன் இடத்தில் ‘ஒருசீர்த் தேர்வு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

தமிழில் தரம் என்றாலே உயர்வு தாழ்வுதான் நினைவுக்கு வரும். முதல் தரம், இரண்டாம் தரம் என்று அரிசிக்கும் பருத்திக்கும் சொல்லிப் பழகிய காதில் ‘தரப்படுத்தப்பட்ட தேர்வு’ விழுந்தால், அது தரத்தில் உயர்ந்த தேர்வு என்றோ, பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் தேர்வு என்றோதான் பெற்றோர் பொருள் கொள்வார்கள். இரண்டும் பிழை. இங்கே சீராக்கப்படுவன வினாக்கள், நேரம், தேர்வு நடத்துபவர் சொல்லும் சொற்கள், திருத்தும் முறை ஆகியவையே. இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் மாறாமல் இருப்பதால்தான் ஓர் ஊர்ப் பிள்ளையின் மதிப்பெண்ணை இன்னோர் ஊர்ப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிட முடிகிறது. 1845இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் கல்விச் சீர்திருத்தவாதி ஹொரேஸ் மானும் அவரோடு நின்றவர்களும் வாய்மொழித் தேர்வுக்குப் பதிலாக அச்சிட்ட வினாத்தாளைக் கொண்டுவந்தபோது சொன்ன நியாயமும் அதுவே: ஒரே வினாவை எல்லாரிடமும் கேட்டால் நடுநிலை காக்கப்படும்.

இலங்கை நண்பர்களை மனத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு காரணமும் உண்டு, அது எனக்கு முதற்காரணத்தைவிடக் கனமானது. 1970களின் தொடக்கத்தில் அங்கே பல்கலைக்கழக அனுமதிக்காக மாணவர் தேர்வெழுதிய மொழியின்படி (மொழிமூலத்தின்படி) மதிப்பெண்களைச் சரிக்கட்டினார்கள். அதனால் தமிழ்மொழி மூலம் எழுதிய மாணவர் சிங்களமொழி மூலம் எழுதியவரைவிடக் கூடுதலாகப் பெற்றால்தான் இடம் கிடைக்கும் என்றாயிற்று. அந்தக் கொள்கைக்குத் தமிழில் நிலைத்துவிட்ட பெயர் ‘தரப்படுத்தல்’. ஒரு தலைமுறையின் காயத்தைச் சுமக்கும் சொல்லை, அங்குள்ள ஆசிரியரும் படிக்கப்போகும் ஒரு கையேட்டில் நாம் எளிதாக எடுத்தாளக் கூடாது.

‘நியமத் தேர்வு’ என்ற பரிந்துரையும் வந்திருக்கிறது. இலங்கைக் கணிதத்தில் ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ என்பதற்கு ‘நியம விலகல்’ வழங்குவதால் அங்கே அது பொருந்திவிடும். தமிழ்நாட்டிலோ அதையே ‘திட்ட விலக்கம்’ என்கிறோம்; நியமத் தேர்வு என்றால் வேலை நியமனத்துக்கான தேர்வு என்றே பலர் படிப்பார்கள். ‘திட்டத் தேர்வு’ என்றால் எந்தத் திட்டம் என்ற கேள்வி எழும். ‘பொதுத் தேர்வு’ ஏற்கெனவே பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் உரியதாகிவிட்டது.

‘ஒரு சீராக’ என்பது நாம் அன்றாடம் பேசுவது. மழை ஒரு சீராகப் பெய்கிறது என்கிறோம், மாவை ஒரு சீராகக் கலக்கு என்கிறோம். யாப்பிலும் சீர் என்பது அளவுபட்ட ஓர் உறுப்பு. ஒருசீராக்கம், ஒருசீராக்கிய, ஒருசீராக்காத என்று வினையாகவும் அடையாகவும் வளைய இச்சொல் இடம்தருகிறது. தேர்வை முதலில் சிலரிடம் நடத்தி முன்னோட்டம் பார்த்தல், மதிப்பெண்ணை எதனோடு ஒப்பிடுவது என்ற அளவுகளை வகுத்தல் போன்ற மற்றக் கூறுகள் இதில் வரவில்லையே என்று கேட்டால், அவற்றை வரையறையில் எழுதிக்கொள்ளலாம். ஒரு சொல்லே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

இந்தச் சொல்லில் நான் பெரிதாகக் கருதுவது, தேர்வின் வலிமையையும் எல்லையையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது என்பதுதான். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுத்தபோது, 52இலிருந்து 17ஐக் கழித்தால் 45 என்று ஒரு சிறுமி சிலேட்டில் எழுதியிருந்தாள். எப்படி வந்தது என்று கேட்டேன். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு சார், அஞ்சுல ஒண்ணு போனா நாலு” என்றாள். பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைத்தான் எடுக்க வேண்டும் என்ற விதியை அவளாகவே வகுத்துக்கொண்டு அதைத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறாள். 52 புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொன்னேன். பதினேழை எடுக்க வேண்டி வந்தபோது, ஒரு குவியலைக் கலைத்தாள், எண்ணினாள், 35 என்றாள். பிறகு தானாகவே சிலேட்டை அழித்தாள். ஒருசீர்த் தேர்வில் ‘எப்படி வந்தது?’ என்ற கேள்வியைக் கேட்க எனக்கு அனுமதி இல்லை, கேட்டால் சீர் குலைந்துவிடும். அவளுக்கும், ஏதோ ஒரு விடையைக் குத்துமதிப்பாகக் குறித்த பிள்ளைக்கும் அங்கே ஒரே பூஜ்யம்தான்.

அப்படியானால் அந்தக் கேள்விக்கு இடமுள்ள மதிப்பீட்டை எப்படிச் சொல்வது? ‘மாற்று மதிப்பீடு’ என்று எழுதியிருந்த தோழியிடம் இதில் நான் மாறுபடுகிறேன். அப்பெயர் தேர்வை மூலமாகவும் மற்றதைப் பதிலியாகவும் ஆக்கிவிடுகிறது. ‘வளரறி மதிப்பீடு’ என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் 2012–13இல் எட்டாம் வகுப்பு வரை, கல்வியாண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது ‘வளரறி மதிப்பீடு’ (கற்கும்போதே அறிவது), ‘தொகுத்தறி மதிப்பீடு’ (பருவ முடிவில் தொகுத்து அறிவது) என்ற இணை வழக்குக்கு வந்தது. அப்போது முன்னதற்கு 40, பின்னதற்கு 60 மதிப்பெண் வைத்தார்கள். மதிப்பீட்டுத் துறை அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் ஆங்கிலத்தில் வகுத்த இணைக்கு இவ்வளவு நல்ல தமிழ் அமைந்தது நம் பேறு. ‘வளரறி’யில் உள்ள ‘வளர்’ வினைத்தொகையின் இயல்போடு மூன்று காலத்தையும் உள்ளடக்கி நிற்கிறது: வளர்ந்ததை, வளர்வதை, இனி வளரப்போவதை அறிதல். அந்த 40 மதிப்பெண் பல இடங்களில் கடையில் வாங்கி ஒட்டிய படங்களுக்கும் பதிவேட்டை நிரப்புவதற்கும் போய்விட்டதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். அது நடைமுறையின் குறை. அதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டாம்.

ஆகவே பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம் என்பது என் வேண்டுகோள். ஒருசீர்த் தேர்வு: வினா, நேரம், நடத்தும் முறை, திருத்தும் முறை ஆகியவற்றை எல்லாருக்கும் மாறாமல் வைத்து, மதிப்பெண்களை ஒப்பிடுவதற்கென அமைத்த தேர்வு. இலங்கையில் ‘பரீட்சை’யே வழக்கென்பதால் ‘ஒருசீர்ப் பரீட்சை’ என்பதையும் அடுத்த வரியில் தரலாமா என்பதை அங்குள்ள ஆசிரியர்கள் சொல்ல வேண்டும்.