மறுமொழி: 'சர்ச் பாத்': தேடுபாதையா, தேடுவரிசையா?

நண்பர்களுக்கு வணக்கம். 'சர்ச் பாத்' என்ற கணினிச் சொல்லுக்கு நம் கையேட்டில் 'தேடுபாதை' வேண்டாம், 'தேடுவரிசை' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. அதற்கு வந்த கேள்விகளுக்கு மறுமொழி இது.

> தேடுபாதை என்பது சொல்ல எளிதாக இருக்கிறதே ஐயா, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

எளிதுதான். ஆனால் 'கோப்புப் பாதை' என்று ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அது ஒரே கோப்பின் முகவரி. டாஸில் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் பழைய இயங்குதளம்) 'பாத்' என்ற சூழல் மாறிக்குள், அதாவது இயங்குதளம் நினைவில் வைத்திருக்கும் ஒரு பெயரிட்ட மதிப்புக்குள், இருப்பதோ, அரைப்புள்ளி போட்டுப் பிரித்த அடைவுகளின் (ஃபோல்டர்களின்) பட்டியல். கட்டளையைத் தட்டியதும் நிற்கிற அடைவில் முதலில் பார்க்கும், அப்புறம் பட்டியலில் இடமிருந்து வலமாகப் போகும், முதலில் அகப்பட்டதை இயக்கிவிடும். யார் முன்னால் நிற்கிறார் என்பதுதான் இங்கே எல்லாம். அதனால் 'தேடுவரிசை' என்கிறேன்.

நீள வரம்பு என்று வரும்போது இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். விண்டோஸில் கோப்புப் பாதைக்கு இயல்பாக உள்ள 260 எழுத்து என்ற வரம்பு வேறு. டாஸ் தேடுவரிசைக்கு வரும் நெருக்கடி வேறு: கட்டளை வரியே 127 எழுத்தைத் தாண்டாது, 'பாத்=' என்று எழுதும் வரியும் அதற்குள் அடங்கவேண்டும். இரண்டையும் 'பாதை நீள வரம்பு' என்று எழுதினால், படிக்கிற பிள்ளை ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பான்.

பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பழைய பில்லிங் கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே தேடுவரிசை நீளாமல் இருக்கக் கைகொடுத்தது இந்த ஏற்பாடு: 'சி:\பேட்' என்று ஓர் அடைவு, ஒவ்வொரு நிரலுக்கும் அதில் ஒரு சின்ன பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு), அந்தக் கோப்பு நிரலை முழுப் பாதையோடு கூப்பிட்டு, கட்டளையோடு சேர்த்துத் தட்டிய சொற்களை, அதாவது %1 முதல் %9 வரை வந்ததை, அப்படியே கடத்திவிடும். தேடுவரிசையில் டாஸ் அடைவும் இந்த அடைவும் இருந்தால் போதும். ஒரு சங்கதியை மட்டும் மறக்கக் கூடாது. முன்பு நிரலை நேரடியாக இயக்கிய மற்ற பேட்ச் கோப்புகள் இப்போது இன்னொரு பேட்ச் கோப்பை அல்லவா இயக்குகின்றன? அங்கெல்லாம் பெயருக்கு முன்னால் 'கால்' (call) என்ற கட்டளையைச் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் போன கட்டுப்பாடு திரும்பி வராது, மாலைக் கணக்கு பாதியில் நின்றுபோகும்.

'சப்ஸ்ட்' கட்டளை போட்டு, நீண்ட பாதையுள்ள அடைவுக்கு சி:, டி: போல ஓர் இயக்கி எழுத்து (டிரைவ் லெட்டர்) தரலாம், அதுவும் நல்ல வழிதான். இ: (E:) என்பதற்கு மேற்பட்ட எழுத்து வேண்டுமென்றால், கடைசி இயக்கி எழுத்தைக் குறிக்கும் 'லாஸ்ட்டிரைவ்' அமைப்பை உயர்த்தவேண்டும்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கவேண்டாம். இன்றைய விண்டோஸிலும் சூழல் மாறியை நிரந்தரமாக மாற்றும் 'செட்எக்ஸ்' கட்டளை 1024 எழுத்துக்கு மேல் உள்ளதை வெட்டிவிடுகிறது. வால் போன வரிசையில் கடைசியில் நின்ற நிரல்கள் காணாமல் போகும்.

> 'வரிசை' என்றால் க்யூ என்று நினைத்துவிட மாட்டார்களா?

'தேடு' முன்னால் ஒட்டியிருக்கிறதே, குழப்பம் வராது. 'தேடுவரிசை நீள வரம்பு' என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் கையேட்டில் இப்படியே மாற்றிவிடுகிறேன். கூப்பிட்டுவிடும் அந்தச் சின்ன பேட்ச் கோப்புக்கும் ஒரு பெயர் வேண்டும். 'அழைப்புக் கோப்பு' சரியாக வருமா?

அன்புடன்,
சென்னையிலிருந்து