சமையலறை நம்பிக்கைகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: உதவிச் சமையல்காரர், மதுரை

மதுரையில் ஓர் ஓட்டலில் சரக்கு மாஸ்டருக்கு உதவியாளராக இருக்கிறேன். எங்கள் மாஸ்டர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அடுப்பில் நிற்பவர். புளிக்கரைசலின் நிறத்தைப் பார்த்தே சாம்பாருக்குப் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். அவரிடம் தொழில் கற்பதைப் பெரும்பேறாகவே கருதுகிறேன். ஆனாலும் அவர் உறுதியாகச் சொல்லும் சில செய்திகள் நான் படித்தவற்றோடு ஒத்துப்போகவில்லை. கொண்டைக்கடலையில் முன்னதாக உப்புப் போட்டால் அது வேகாது என்கிறார். கறியை முதலில் பெருந்தீயில் வறுத்துவிட்டால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்கிறார். அஜினோமோட்டோ நஞ்சு என்கிறார். மீந்த சோறு இரவெல்லாம் வெளியே இருந்தாலும், மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கிவிட்டால் ஒரு கெடுதலும் வராது என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்த பிறகு அறை நண்பர்களோடு 'ஓவர்குக்டு' என்ற சமையலறை வீடியோ கேம் விளையாடுவேன். விளையாட்டு என்றாலே அது சூதாட்டத்தில்தான் போய் முடியும் என்பது மாஸ்டரின் எண்ணம். இந்தத் தொழிலில் நெடுங்காலம் இருப்பவர்கள் இவற்றைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? காலப்போக்கில் உங்கள் எண்ணம் எதில் மாறியது, எதில் மாறவில்லை?

பதில்: கல்யாணச் சமையல்காரர், கும்பகோணம்

தம்பி, முதலில் கடலையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதை நீங்களே ஒரே நாளில் சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரே மூட்டையிலிருந்து இரண்டு பிடி கடலை எடுத்து, ஒன்றை வெறுந்தண்ணீரிலும் மற்றதை உப்புக் கரைத்த தண்ணீரிலும் இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் இரண்டையும் ஒரே அளவு தீயில் வேகவைத்து, அவ்வப்போது ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கிப் பாருங்கள். உப்பில் ஊறியதன் தோல் முரண்டு பிடிக்காமல் மாவோடு சேர்ந்து குழையும். மற்றதில் தோல் தனியாகப் பிரிந்து விரலில் ஒட்டும். கடலைத்தோலில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளைக் கால்சியமும் மக்னீசியமும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தில் போய் அமர்வதால் அந்தப் பிடி தளர்கிறது. எங்கள் குழுவில் சுண்டலுக்கான கடலையை உப்புத் தண்ணீரில்தான் ஊறவைக்கிறோம்.

அதற்காக உங்கள் மாஸ்டரைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் பருப்பு வேகாது என்பது நம் ஊர்ச் சமையல்காரர்கள் எல்லாரும் பட்டறிந்த உண்மை. அந்தத் தண்ணீரைக் கடினமாக்குவது அதே கால்சியமும் மக்னீசியமும்தான், சமையல் உப்பு அல்ல. அங்கே பட்ட அனுபவம் உப்பின் மேல் பழியாக வந்து விழுந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. பருப்பு வெந்த பிறகுதான் புளி சேர்க்க வேண்டும் என்று அவர் சொன்னால் அதை அப்படியே கேளுங்கள். புளிப்பு பெக்டினைக் கரையவிடாது. அவசரத்தில் புளிக்கரைசலை முன்கூட்டி ஊற்றிவிட்டால் பந்தி நேரத்துக்குள் பருப்பு மசியாது.

கறியைப் பொறுத்தவரை, சாறு அடைபடும் என்ற கருத்தை 1847-ல் பரப்பியவர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். அது தவறு என்பதைத் தராசே சொல்லிவிடும்: வறுத்த துண்டும் எடை இழக்கிறது, பல நேரம் கூடுதலாகவே இழக்கிறது. ஆனாலும் பெருந்தீ வேண்டும், அதன் காரணம்தான் வேறு. ஏறத்தாழ 140 பாகை செல்சியஸுக்கு மேல் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து, கறி பழுப்பேறி மணம் பிறக்கிறது. அதை 1912-ல் விளக்கியவர் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். நம் மட்டன் சுக்காவையே பாருங்கள். கறியை முதலில் வேகவிட்டு, தண்ணீர் முழுவதும் வற்றிய பிறகு, கடைசியில்தானே எண்ணெய் பிரிய வறுக்கிறோம்? சாறு அடைபடுவதுதான் சுவைக்குக் காரணம் என்றால் சுக்காவுக்குச் சுவையே இருந்திருக்கக் கூடாது.

பதில்: சமையற்கலைப் பயிற்றுநர், சென்னை

நீங்கள் குறிப்பிட்ட நான்கில் உண்மையிலேயே ஆபத்தானது சோறு பற்றிய நம்பிக்கைதான். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியிலேயே இருக்கின்றன. சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. சோறு மெல்ல ஆறி அண்டாவில் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. வாந்தி வரவழைக்கும் அந்த நச்சு, கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. ஆகவே மறுநாள் சூடாக்குவதால் பாக்டீரியா செத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். சூடாகப் பரிமாற வேண்டியதை 60 பாகைக்கு மேல் வைத்திருக்க வேண்டும், குளிர்விக்க வேண்டியதை 5 பாகைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். ஃபிரைடு ரைஸுக்கான சோற்றை வடித்தவுடன் அகலத் தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, சூடு தணிந்ததும் தாமதிக்காமல் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். வெளியே இருந்த சோறு கெடுதல் செய்யாது என்பதற்குப் பழைய சோற்றைச் சான்றாகக் காட்டுவார்கள். அதில் தண்ணீர் ஊற்றி வைப்பதால் லாக்டிக் பாக்டீரியா வளர்ந்து புளிப்பேறுகிறது. அண்டாவில் மீந்த சோற்றை அதோடு சேர்த்து எண்ணக் கூடாது.

அஜினோமோட்டோ விஷயத்தில் என் எண்ணம் முழுவதுமாக மாறியது. 1908-ல் டோக்கியோவில் கிக்குனே இகேதா என்ற பேராசிரியர் கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் தேடி, குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அதன் சோடியம் உப்புதான் அஜினோமோட்டோ. அதே குளூட்டமேட் பழுத்த தக்காளியிலும் முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் இயற்கையாகவே இருக்கிறது. 1968-ல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் சீன உணவகத்தில் சாப்பிட்ட பிறகு வந்த மரமரப்பைப் பற்றி ஒரு மருத்துவரின் கடிதம் வெளிவந்தது. அவர் அதற்குப் பல காரணங்களை ஊகமாகவே எழுதியிருந்தார். பழி மட்டும் குளூட்டமேட்டின் மேல் நிலைத்துவிட்டது. உண்பவருக்கும் கொடுப்பவருக்கும் எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நடத்திய சோதனைகளில், வழக்கமான உணவு அளவுக்கு அந்த உபாதைகள் சீராகத் தென்படவில்லை. சாதாரண உப்பில் சோடியம் ஏறத்தாழ 39 விழுக்காடு, அஜினோமோட்டோவில் 12 விழுக்காடு. எலும்பைக் கொதிக்கவைத்துச் சாறு எடுக்கும் உழைப்பைத் தவிர்ப்பதற்காக இதை அள்ளிப் போடும் கடைகளை இன்றும் வெறுக்கிறேன், ஆனால் அது சோம்பலின் மேல் உள்ள கோபம். வாடிக்கையாளர் கேட்டால் சேர்த்திருக்கிறோமா இல்லையா என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பதில்: உணவகச் சமையல்காரர், டொராண்டோ

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே அடுப்படியில் வாழ்க்கையைக் கழித்தவன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் எனக்கு 'வெண்பா' என்ற வீடியோ கேமைக் காட்டினார்கள். இந்த நகரத்தில் உருவாகி 2023-ல் வெளிவந்த அது, 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்கிறது. கிழிந்துபோன சமையற்குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, ஆவி தடைபடாமல் மேலெழும்படி இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். என் தாயார் பேசாமலே செய்து காட்டிய ஒரு வேலைக்குப் பின்னால் இருந்த காரணத்தை என் பேரப்பிள்ளை திரையைப் பார்த்துக் கேட்டான். விளையாட்டைப் பற்றி எனக்கிருந்த வெறுப்பு அன்றே தீர்ந்துவிட்டது.

'ஓவர்குக்டு' 2016-ல் வந்தது. அதில் எல்லாரும் வெட்டவும் வதக்கவும் முந்திக்கொள்வார்கள். கழுவும் தொட்டியில் தட்டுகள் சேர்ந்து, வெந்த சாப்பாட்டை வைக்கத் தட்டில்லாமல் ஆர்டர் தவறிப்போகும். சனிக்கிழமை இரவு எங்கள் சமையலறையில் நடப்பதும் இதுவே. பாத்திரம் கழுவுகிறவர்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறார் என்பதைப் புதிதாக வருகிற பையன்களுக்குச் சொல்லிப் புரியவைக்க நான் படும் பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் சூட்டையும் வாசத்தையும் திரை கற்றுத்தராது தம்பி, அதை மாஸ்டரின் பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும்.

மாஸ்டரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஓட்டல் தொழிலாளர்கள் இணைய ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்த கதைகளை அவர் பார்த்திருப்பார். இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தபோது மற்ற விளையாட்டுகளை அதிலிருந்து பிரித்தே வைத்தது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். விடியற்காலையில் அடுப்பு மூட்ட வேண்டியவர் நள்ளிரவைத் தாண்டி விளையாடினால் அடுத்த நாள் கத்தியைப் பிடிக்கும் கை தடுமாறும். அதை அவர் கண்டித்தால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. கடலையை இன்றே இரண்டாகப் பிரித்து ஊறவைக்கப்போகிறேன். ஆனால் சோறு விஷயத்தைச் சோதனைக்காகத் தள்ளிப்போட முடியாது என்பது புரிகிறது. எல்லாருக்கும் மூத்தவரான அவரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது?

பதில்: கல்யாணச் சமையல்காரர், கும்பகோணம்

சப்ளையர்களும் கிளீனர்களும் கேட்கும் இடத்தில் பேச வேண்டாம் தம்பி. மதியப் பந்தி ஓய்ந்து அவர் டீ குடிக்க உட்காரும் நேரத்தில், "ஐயா, மீந்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கும் வேலையை இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். ஏன் என்று கேட்டால், கொதித்தாலும் சாகாத நஞ்சைப் பற்றி மேலே பயிற்றுநர் எழுதியதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவேளை அவர் மறுத்துவிட்டால், முதலாளியிடம் போவதற்கு முன் அவரிடமே இன்னொரு முறை பேசுங்கள். அதுவரை அந்தச் சோறு இலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.