கீழத்தெருவுக்குத் தண்ணி ஏறல: மோட்டாரைப் பிடுங்கினால் தீருமா?

நம்பியாற்றுக்கரை கேட்டது:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வள்ளியூர் பக்கம் ஒரு சின்ன ஊர். 210 வீடு, சுமார் 840 பேர். மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர், தூண் உயரம் 12 மீட்டர். ஊர் போர்வெல் தண்ணியும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தாமிரபரணித் தண்ணியும் இந்த ஒரு தொட்டியில்தான் விழுகின்றன. தொட்டியிலிருந்து 90 மி.மீ. மெயின், தெருக்களில் 63 மி.மீ. பைப். ஜல் ஜீவன் திட்டத்தில் எல்லா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்தாயிற்று.

காலையில் தொட்டி வால்வைத் திறந்தால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் போகிறது, இரண்டு மணி நேரம். மேலத்தெருவில் குடம் வழிந்து வாறுகாலில் ஓடுகிறது. கீழத்தெருவின் கடைசி நாற்பது வீட்டில் முதல் ஒரு மணி நேரம் காற்றுதான். அப்புறம் வந்தாலும் நூல் மாதிரி. பாதி வீட்டில் அரை எச்பி மோட்டாரை நேரே குழாயில் மாட்டியிருக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் மோட்டாரைப் பறிமுதல் பண்ணத் தீர்மானம் போடலாம் என்கிறார்கள் சிலர். இன்னும் சிலர் 60,000 லிட்டர் தொட்டி கேட்டு மனுக் கொடுப்போம் என்கிறார்கள். எதை முதலில் செய்ய வேண்டும்?

---

வால்வுச்சாவி பதில்:

இரண்டுக்கும் முன்னால் ஊருக்கு எவ்வளவு தண்ணி வருகிறது என்று அளந்துவிடுங்க தம்பி. ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 840 பேருக்கு 46,200 லிட்டர். உங்கள் தொட்டியை ஒரு நாளைக்கு ஒரு தடவை நிரப்பினால் ஆளுக்கு 35 லிட்டர்தான் தேறும். மேலத்தெருவில் அது 80 ஆகப் போகும்போது கீழத்தெருவுக்கு எங்கே மிஞ்சும்? மோட்டாரை எல்லாம் பிடுங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் என்ன தருகிறது என்பதைத் தொட்டியே சொல்லும். கீழே போகும் வால்வை மூடிவிட்டுத் தொட்டிக்கு ஏற்றுங்கள். வட்டத் தொட்டி, உள்விட்டம் 4 மீட்டர் என்றால் 10 செ.மீ. ஏறினால் 1,257 லிட்டர். அது ஏற பத்து நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 126 லிட்டர். 46,200 லிட்டருக்கு ஆறு மணி நேரம் ஓட வேண்டும். போர்வெல்லையும் கூட்டுத் திட்ட லைனையும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள். சேர்த்து அளந்தால் எது குறைந்தது என்று பின்னால் தெரியாது.

கசிவையும் இதே முறையில் பார்க்கலாம். ராத்திரி தொட்டியை நிரப்பி, ஏற்றும் மோட்டாரை நிறுத்தி, ஊருக்குப் போகும் வால்வைத் திறந்து விட்டு, மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் குழாய் மூடியிருக்க வேண்டும். தண்டோரா போட்டுச் சொல்லிவிடுங்கள். விடியற்காலையில் 20 செ.மீ. இறங்கியிருந்தால் 2,500 லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கிறது. பெரும்பாலும் மெயின் உடைந்திருக்காது. வீட்டு இணைப்பு கிளம்பும் இடத்தில் சேடிலை (பைப்பைச் சுற்றி மாட்டும் கவ்வி) சரியாக முறுக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது சிமெண்ட் ரோடு போட வந்த பொக்லைன் கிழித்திருக்கும்.

60,000 தொட்டி மனுவை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். வரத்து கூடாமல் தொட்டியைப் பெரிதாக்குவதில் பிரயோசனம் இல்லை.

---

குறுக்குத்துறை பதில்:

அண்ணாச்சி சொன்ன அளவு முடிந்ததும் பிரிப்பு. இங்கேதான் உங்கள் சிக்கலின் வேர் இருக்கிறது.

90 மி.மீ. பைப்பில் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்று வைத்தால் நிமிடத்துக்கு 320 லிட்டர் அளவுக்குப் போகும். 63-இல் 150. இதற்கு மேல் இழுத்தால் உரசலிலேயே அழுத்தம் செத்துப்போகும். ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்த இழப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நீங்கள் 210 குழாயை ஒன்றாகத் திறக்கிறீர்கள். தொட்டிக்கு அருகில் இருக்கிறவர் பிடித்த பிறகு மிச்ச அழுத்தம் மேலத்தெரு முக்கிலேயே தீர்ந்துவிடுகிறது. 12 மீட்டர் தூணை 15 ஆக்கினாலும் இதே கதைதான்.

ஊரை நாலு பகுதியாகப் பிரியுங்கள், பகுதிக்கு 52 வீடு. வீட்டுக்கு நிமிடம் 6 லிட்டர் என்றால் 312 லிட்டர். 90 பைப் தாங்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர் தேவை, 37 நிமிடம். 40 என்று வையுங்கள். ஒரு பகுதிக்கு 11,500 லிட்டர் போகும். இரண்டு பகுதிக்குக் காலையில் திறந்தால் 23,000. அப்புறம் மறுபடி மூன்று மணி நேரம் ஏற்றி, சாயங்காலம் மற்ற இரண்டு பகுதி. 30,000 தொட்டியே போதும் என்பது இதில் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 126 லிட்டர் வரத்து நிஜமாக இருக்க வேண்டும், அது முக்கியம்.

ஒரு இடத்தில் இடறும். கீழத்தெருப் பகுதி முழுக்க ஒரே 63 பைப்பில் தொங்கினால் பிரித்தும் பலன் இல்லை. 63-க்கு 25 வீடு கணக்கு. அதற்கு மேல் இருந்தால் 90 மெயினைக் கீழத்தெரு நடு வரை நீட்டி, அங்கிருந்து இரண்டு கிளையாக 63 போடச் சொல்லுங்கள். காசு செலவழிக்கிற இடம் அதுதான்.

அழுத்தம் பார்க்க மீட்டர் வாங்க வேண்டாம். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஐந்து மீட்டர் எடுத்து, கடைசி வீட்டுக் குழாயில் கிளிப் போட்டு மாட்டி, மறுமுனையை மாடிக்குத் தூக்குங்கள். பக்கத்து வீடுகளில் தண்ணி பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். ஹோஸுக்குள் தண்ணி எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் அங்கே உள்ள அழுத்தம். இரண்டு மீட்டரில் நின்றால் வாளி நிரம்பும். முழங்கால் உயரத்துக்கே வரவில்லை என்றால் பிரிப்பு சரியில்லை. மேலத்தெருவில் இன்னொருவர் அதே நேரத்தில் பிடித்துக் காட்டட்டும். இரண்டு ஹோஸையும் பார்த்தவர்களிடம் அதிகம் பேச வேண்டியிருக்காது.

மேலத்தெரு இணைப்புகளில் 5 மி.மீ. துளை உள்ள பித்தளைத் தகடு போடலாம். 7 மீட்டர் அழுத்தத்தில் அது நிமிடத்துக்கு சுமார் 8 லிட்டர் விடும், 2 மீட்டரில் 4 லிட்டருக்குச் சற்று மேல். வித்தியாசம் இரண்டு மடங்கோடு நிற்கிறது. தகடு வீட்டுக் கேட்டுக்கு உள்ளே இருந்தால் மறுநாளே கழன்றுவிடும். மெயினை ஒட்டிய இணைப்பில், மண்ணுக்குள் இருக்க வேண்டும். மணல் வரும் போர்வெல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அடைக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

---

வெள்ளைக்குடம் பதில்:

மோட்டார் விஷயத்தைப் பங்கீட்டுக் குறைவாக மட்டும் பார்க்க வேண்டாம். குழாயில் நேரே மாட்டிய மோட்டார் பைப்பை உறிஞ்சும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றை விடக் கீழே போகிறது. வாறுகாலுக்குள் குறுக்கே போகும் 20 மி.மீ. பைப்பில் ஒரு ஊசித்துளை இருந்தால் போதும், சாக்கடை உள்ளே வந்துவிடும். அதைக் குடிப்பது மோட்டார் போட்டவரின் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்.

குழித் தொட்டியும் அதே அளவு மோசம். தண்ணி ஏறாததால் வாசலில் மூன்றடி குழி தோண்டி, பைப்பைத் தாழ்த்தி, வாய் மூடாமல் விட்டிருப்பார்கள். மழை பெய்தால் குழி நிரம்பும். லைன் நிறுத்தும்போது அந்தத் தண்ணி பைப்புக்குள் திரும்பப் போகும். பிரிப்பு நடந்து அழுத்தம் வந்த வாரமே குழிகளை மண் போட்டு மூடி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் குழாய் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் மூடச் சொன்னால் கடைசி வீட்டுக்காரர் கேட்கமாட்டார், கேட்கவும் முடியாது.

குளோரின்: காலையும் மாலையும் இரண்டு நிரப்பு என்றால் இரண்டு முறை போட வேண்டும். பலர் காலையில் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். 25 சதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்றால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். 23,000 லிட்டருக்கு 92 கிராம். புதுப் பவுடரில் 33 சதம் வரை இருக்கும், மூட்டை வாய் திறந்து கிடந்தால் 25-க்கும் கீழே போய்விடும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையக் கரைத்து, கால் மணி நேரம் தெளிய விடுங்கள். தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். சுண்ணாம்பு மண்டி உள்ளே போனால் அடியில் படிந்து வால்வைப் பிடிக்கும். ஊற்றி அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும்.

சரியாகப் போட்டோமா என்பதைக் கடைசி வீட்டுக் குழாயில் பாருங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். தொட்டியடியில் 1 இருந்து அங்கே பூஜ்ஜியம் வந்தால், வழியில் அழுக்கு சேர்கிறது. பவுடரைக் கூட்டி அதை மறைக்காமல் எந்த முக்கில் விழுகிறது என்று தெருத் தெருவாகச் சோதித்துப் பிடியுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு குப்பியில் தண்ணியை நிரப்பி வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் முடிவு தெரியும். கறுப்பானால் அந்தத் தண்ணியில் கிருமி இருக்கிறது. திட்டப்படி ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தச் சோதனைப் பெட்டியில் பயிற்சி உண்டு. பெட்டி ஊராட்சி அலுவலகப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறதா என்று கேளுங்கள்.

---

ஆலடிமேடை பதில்:

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. வால்வுச் சாவி யார் கையில் என்பதில்தான் பல ஊரில் இது முறிகிறது.

நம் பக்கத்தில் லைனின் கடைசி எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பாதி ஊரில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருக்கும் தெருவில்தான் முடியும். தொட்டி ஊர் நடுவில், வால்வு மேலத்தெருவில். "அழுத்தம் பத்தல" என்று சொல்லி அதை வெறும் பைப் பிரச்சினையாக்கிவிடக் கூடாது. கால அட்டவணையில் முதல் முறை கடைசித் தெருவுக்கு என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். காலை ஏற்றிய தொட்டி நிறைந்திருக்கும், மோட்டார் கரண்ட் கட்டாகி மாலை நிரப்பு நின்றாலும் அவர்கள் பங்கு அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நேரத்தைப் பெண்களிடம் கேட்டு வையுங்கள். பீடி சுற்றுகிறவர்கள் கடைக்குக் கணக்குக் கொடுக்கப் போகும் நேரம், நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் நேரம், பள்ளிக்கூட நேரம் மூன்றும் ஒத்து வர வேண்டும். பத்து மணிக்குத் திறந்தால் வீட்டில் ஆள் இருக்காது, குழாயைத் திறந்தபடி விட்டுப் போவார்கள், வீணாகும். குடிநீர் சுகாதாரக் குழுவில் 10 முதல் 15 பேர், அதில் பாதி பெண்கள் என்பது விதி. பேருக்குப் போட்ட குழுவா, கூடுகிற குழுவா என்பது கையெழுத்து நோட்டில் தெரியும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு ஒரு வாரம் முன்பே ஹோஸ் சோதனையையும் தொட்டி அளவையும் ஊர் பார்க்கச் செய்யுங்கள். சபையில் முதல் தடவையாகக் கணக்கை எடுத்தால் சத்தம்தான் வரும். மோட்டார் பற்றித் தீர்மானம் கடைசியில் வரட்டும்: பிரிப்பு நடந்து ஒரு மாதம் அவகாசம், பிறகு நோட்டீஸ், அதன் பிறகும் மாட்டினால் இணைப்புத் துண்டிப்பு. முதல் துண்டிப்பு மேலத்தெருவில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தீர்மானத்தை யாரும் மதிக்கமாட்டார்கள்.

இன்னொன்று. பழைய அடிபம்பையும் போர்வெல்லையும் கைவிடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறும் மின்சாரமும் ஒருசேரப் போனபோது, ஆற்றுத் தண்ணியை மட்டும் நம்பிய ஊர்கள் லாரிக்குக் காத்திருந்தன. போர்வெல் தண்ணியைத் தனியாகப் பரிசோதனைக்குக் கொடுங்கள், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. புளோரைடு 1.5-ஐத் தாண்டக் கூடாது. கலந்த தண்ணியை மட்டும் சோதித்தால் ஆற்று வரத்து நிற்கிற நாளில் என்ன குடிக்கிறோம் என்று தெரியாமல் போகும்.

---

நம்பியாற்றுக்கரை:

ரொம்ப நன்றி. கீழத்தெருவில் ஒரே 63 பைப்பில் 44 வீடு. சிக்கல் அங்கேதான் போல. பிரித்த பிறகும் முதல் கால் மணி நேரம் காற்று வருமா?

---

குறுக்குத்துறை:

வரும், லைன் தினமும் காலியாவதால். பைப் மேடேறி இறங்கும் இடத்தில் ஏர் வால்வு ஒன்று, கடைசி முனையில் மண் கழிக்கும் வால்வு ஒன்று கேளுங்கள். திறக்கும்போது பகுதி வால்வை முதல் ஐந்து நிமிடம் கால்வாசி மட்டும் திறந்து பைப்பை நிறைய விடச் சொல்லுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு தண்ணியை நிறுத்தும், பழைய ஜாயிண்ட்டும் தெறிக்கும். வால்வுக்கு மொத்தம் எத்தனை சுற்று என்று எண்ணி, மூடியின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வையுங்கள். ஆபரேட்டர் லீவு போட்டால் மாற்றாள் திறக்க அது போதும்.