கடற்கரைக் கட்டைய மீன் டேங்க்ல போடலாமா?

வெள்ளவத்தை_டெட்ரா:
கல்கிசை பீச்ல நல்லா வளைஞ்ச கட்டை ஒண்டு கிடைச்சது, வெயில்ல காஞ்சு வெளுத்துப்போய் இருக்கு. ரெண்டடி டேங்க், நியோன் டெட்ராவும் கொஞ்சம் இறாலும் நிக்குது. அவிச்சுப் போட்டா போதுமா?

தொட்டிக்காரன்:
தம்பி முதல்ல நகத்தால அமத்திப் பாருங்க, பள்ளம் விழுந்தா உள்ள உக்கிட்டுது, எறிஞ்சிடுங்க. தார், பெயின்ட், ஆணி இருந்தாலும் வேணாம். கடல் கட்டையில உப்பு உள்ளுக்க வரைக்கும் இறங்கி இருக்கும், அதால அவிக்கிறத விட ஊறவைக்கிறதுதான் முக்கியம், வாளியில அமிழ்த்தி மேல கல்லு வச்சு தினமும் தண்ணி மாத்துங்க, சில கிழமை பிடிக்கும். டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகள அளக்கிற கருவி) இருந்தா ஒரு நாள் ஊறின தண்ணியையும் பைப் தண்ணியையும் அளந்து பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டா வாற வரைக்கும் அவசரப்படவே வேணாம், இறாலுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதுக்குப் பிறகு ஒண்டு ரெண்டு மணித்தியாலம் அவியுங்க.

தெஹிவளை_அக்கா:
தண்ணி பிளேன்டி கலர்ல வந்தா பயப்படாதீங்க, அது டானின், கட்டையில இருந்து இறங்குற சாயம். டெட்ராவுக்கு அது நல்லம், பிடிக்காட்டி ஃபில்டர்ல கார்பன் போடுங்க. முதல் கொஞ்ச நாள் வெள்ளையா சளி மாதிரி படியும், இறாலே சாப்பிட்டு முடிச்சிடும்.

தொட்டிக்காரன்:
ஓம் அக்கா சொல்றது சரி. இன்னொண்டு, கட்டைக்கெண்டு களப்புப் பக்கம் போய் கண்டல் மரத்துல கை வைக்காதீங்க, மீன் குஞ்சு வளர்ற இடம் அது. கொய்யாக் கிளை நல்லா காஞ்சது கிடைச்சா பட்டைய உரிச்சிட்டு அதையே போடலாம்.

வெள்ளவத்தை_டெட்ரா:
நன்றி அண்ணா, அக்கா. நகம் இறங்கல்ல, இண்டைக்கே வாளியில போடுறன்.