மூணு சீட்டு பழகிவிட்டுப் போக்கர் ஆடியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கானாடுகாத்தான்காரன்:

எங்கள் வீட்டில் கல்யாணம், சாந்தி என்று சொந்தம் கூடினால், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முகப்பில் ஜமுக்காளம் விரித்துச் சீட்டு போடாமல் யாரும் படுக்க மாட்டார்கள். காசு வைக்க ஐயா காலத்திலிருந்தே அனுமதி கிடையாது. பல்லாங்குழிக்கென்று ஆயா டப்பாவில் சேர்த்து வைத்திருக்கும் புளியங்கொட்டைதான் பணம், ஆளுக்கு அறுபது.

நான் வளர்ந்தது மூணு சீட்டில். அதில் பார்க்காமல் ப்ளைண்டாக ஆடுகிறவன் ஒன்று வைத்தால், சீட்டைப் பார்த்தவன் இரண்டு வைக்க வேண்டும். அதனால் நாலைந்து சுற்று ப்ளைண்டிலேயே தள்ளினால், சுமாரான சீட்டை வைத்துக்கொண்டு முழிக்கிறவன் தானாகச் சீட்டைக் கீழே போட்டுப் பேக் ஆகிவிடுவான். தைரியம்தான் அங்கே பாதி ஆட்டம்.

மலேசியாவிலிருந்து வந்த அயித்தான்தான் டெக்சாஸ் ஹோல்டம் சொல்லிக்கொடுத்தார். கையில் இரண்டு, நடுவில் பொதுவாக ஐந்து, ஏழிலும் எந்த ஐந்து நன்றாக இருக்கிறதோ அதுதான் உங்கள் சீட்டு. இங்கே ப்ளைண்டுக்குச் சலுகை எதுவும் இல்லை, அடுத்தவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுக் கடைசியாகப் பேசுகிறவருக்குத்தான் லாபம். முதலில் தடுமாறியது கலரில், அதாவது எல்லாச் சீட்டும் ஒரே ஜாதியாக இருப்பதில். மூணு சீட்டில் சீக்வென்ஸ் (அடுத்தடுத்து வரிசையாக வருவது) கலரை வெட்டும், போக்கரில் நேர்மாறு. ஏன் என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று சீட்டாக வரக்கூடிய 22,100 வகையில் கலர் 1,096, சீக்வென்ஸ் 720. ஐந்து சீட்டு ஆனதும் கலர் 5,108, சீக்வென்ஸ் 10,200. எது அரிதோ அது பெரிது.

சரி, அயித்தான் அடுத்துச் சொல்லிக்கொடுத்த ஓமாஹா என்ற போக்கர் வகைக்கு வருகிறேன். கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள், ஆனால் கையிலிருந்து சரியாக இரண்டு, நடுவிலிருந்து சரியாக மூன்று எடுத்தே தீர வேண்டும். அயித்தான் இதை இரண்டு தடவை சொன்னார், நானும் தலையாட்டினேன். என் கையில் ஆட்டின் ஏஸ், இஸ்பேட் ஏஸ், கிளாவர் ராஜா, டைமன் பத்து. நடுவில் ஆட்டின் ராணி, ஆட்டின் ஒன்பது, ஆட்டின் ஆறு, இஸ்பேட் நான்கு, கடைசியாக ஆட்டின் மூன்று. நான்கு ஆட்டின் நடுவில் கிடக்க, ஏஸ் என்னிடம். ஹோல்டமாக இருந்தால் அதை வெட்ட ஆளே இல்லை. மிச்சமிருந்த கொட்டை முழுவதையும் உள்ளே தள்ளினேன். அயித்தான் ஆட்டின் ஐந்தும் இரண்டும் காட்டினார். நான் ஏஸை ஆத்தங்குடிக் கல்லில் அடித்து வைத்தபோது, "மாப்பிள்ளை, இன்னொரு ஆட்டின் எங்கே?" என்று மட்டும் கேட்டார். என் கையில் ஆட்டின் ஒன்றே ஒன்று. எண்ணிப் பார்த்தால் நான் வைத்திருந்தது வெறும் ஜோடி ஏஸ்.

அன்றைக்கு நான் தூங்கவே இல்லை. கையிலுள்ள நான்கு சீட்டிலிருந்து இரண்டை ஆறு விதமாக எடுக்கலாம், அதனால் எதிராளிக்கும் ஏதாவது நல்லதாக அமையத்தான் செய்யும், ஹோல்டமில் தைரியமாக ஆடும் இரண்டு ஜோடியை வைத்துக்கொண்டு ஓமாஹாவில் பெரிதாக ஏற்றக் கூடாது என்பதெல்லாம் அப்போதுதான் உறைத்தது.

தேவகோட்டைப் பொண்ணு:

அண்ணே, எனக்கு இது ஷார்ட் டெக்கில் நடந்தது. இரண்டு முதல் ஐந்து வரை எடுத்துவிட்டு 36 சீட்டில் ஆடுவார்கள். ஒரு ஜாதிக்கு ஒன்பதுதான் மிஞ்சும், அதனால் கலர் அரிதாகி ஃபுல் ஹவுஸையே (ஒரே எண்ணில் மூன்றும், வேறொன்றில் ஜோடியும்) வெட்டும். ஜோடி ஏஸ் 221 தடவைக்கு ஒருமுறை வந்தது போய் 105க்கு ஒருமுறை வரும், அதைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்பது தோன்றவில்லை. ஒரே ஜாதியில் நான்கு சேர்ந்தால் கலருக்காகக் கடைசிவரை துரத்துவது என் பழக்கம். சாதாரணக் கட்டில் ஒன்பது சீட்டு உதவும், இங்கே ஐந்துதான். இரண்டு முனையில் எதில் சேர்ந்தாலும் முடிகிற நான்கு சீட்டு வரிசை இருந்தால், சீக்வென்ஸுக்கு எட்டு உதவும், அதைத்தான் துரத்தியிருக்க வேண்டும்.

கானாடுகாத்தான்காரன்:

அருமையாகச் சொன்னாய் தங்கச்சி. ஒன்று விட்டுவிட்டேன். அந்த ஒற்றை ஏஸ் கலர் ஆகாது, ஆனால் அது என்னிடம் இருக்கும்வரை வேறு யாரிடமும் ஆகப் பெரிய கலர் இருக்க முடியாது. போன தையில் அதே மாதிரி ஒரு சீட்டு வந்தது, இந்தத் தடவை தெரிந்தே, நடுவில் சேர்ந்து கிடந்த மொத்தக் கொட்டை அளவுக்கு ஏற்றினேன். அயித்தான் வெகுநேரம் யோசித்துவிட்டு, ராஜா வைத்த கலரைக் கவிழ்த்துப் போட்டார்.