மகா ரத்மல் மரமும் லிவர்வோர்ட்டும், ஒப்பிட உதவி வேணும்

அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம், நுவரெலியா பக்கம் தோட்டத்துல இருந்து எழுதுறேன். தங்கச்சி ஏலெவல் பயோ படிக்கிறா, ஹோர்ட்டன் சமவெளியில செக்கச்செவேல்னு பூக்குற மகா ரத்மல் மரத்தையும் எங்க பீலிக்கரை கல்லுல ஒட்டிக் கிடக்குற மார்கன்ஷியாவையும் (பாசி மாதிரி இருக்குற லிவர்வோர்ட் செடி) ஒப்பிட்டு எழுதணும். மரம் எரிகேசி குடும்பம், பூ, விதை, தண்ணி கடத்துற கலன் இழையம் எல்லாம் இருக்கு. மற்றது மார்கன்ஷியோபைட்டாங்கிற தாவரப் பிரிவு (கணம்), வேர் கிடையாது வேர்ப்போலிதான், விதை இல்லாம வித்தியால (ஸ்போர்) பரவும், அதோட மேல குட்டிக் கிண்ணம் இருக்கே, மழைத்துளி விழுந்தா உள்ள இருக்குற பச்சைத் துணுக்கு தெறிச்சுப் போய் புதுச்செடியாகும், நேத்து லென்ஸ் வச்சுப் பார்த்தோம் அவ்வளவு அழகு.

ரெண்டையும் எப்படிப் பாதுகாக்கிறதுன்னு எழுதுற பகுதியிலதான் தடுமாறி நிக்குறோம். மரம் இருக்குற சமவெளி 1988லயே தேசியப் பூங்கா, ஆனா பாசின்னு சுரண்டிப் போடுற இத எப்படிக் காப்பாத்துறது? ஈரமும் நிழலும் போனா இதுவும் போயிரும். பேராதனையில தாவரவியல் படிச்சவங்க யாராவது இருந்தா தமிழ் நோட்ஸ் அனுப்புங்க ப்ளீஸ், வெள்ளிக்கிழமை குடுக்கணும்.