கிர்ரிமியூர் நெசவாளர் ஒருவரின் கல்லறையைத் தேடுகிறேன் (ஸ்காட்லாந்து, 1850கள்)

டண்டீ மருமகள்:

வணக்கம். திருமணமாகி டண்டீயில் இருக்கிறேன். கணவர் இந்த ஊர்க்காரர். மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. தன் அப்பா வழி முன்னோரில் ஒருவரின் கல்லறையிலாவது பூ வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருக்குக் கண் சரியில்லை, அதனால் தேடுவது நான்.

கையில் இருப்பது, மாமியாரின் அப்பாவுக்குப் பாட்டியானவர் 1862-ல் டண்டீயில் செய்துகொண்ட திருமணத்தின் பதிவு. ஸ்காட்லாந்தின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் எடுத்தது. மணப்பெண்ணுக்கு 21 வயது, ஆலைத் தொழிலாளி. அவருடைய அப்பா லினன் கைத்தறி நெசவாளர். பெயருக்குப் பக்கத்தில் ‘காலமானார்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்கள். அம்மாவின் பெயரும் அவருடைய பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கின்றன. பூர்வீகம் கிர்ரிமியூர் என்று வீட்டில் சொல்வார்கள்.

இரண்டு சந்தேகம். மணப்பெண்ணின் பெற்றோர் திருமணம் பழைய பேரிஷ் (தேவாலய வட்டார) ஏடுகளில் 1836-ல் இரண்டு இடத்தில் வருகிறது: கிர்ரிமியூரில் ஒன்று, பக்கத்துப் பேரிஷான ஏர்லியில் ஒன்று. தேதியும் வேறு. இது ஒரே ஜோடியா, இரண்டா? அடுத்தது, அப்பாவை எங்கே புதைத்தார்கள்? பழைய ஏடுகளின் புதைப்புப் பட்டியலில் அவர் பெயரே இல்லை.

ஏடுதேடி (எடின்பரோ):

சகோதரி, ஒரே ஜோடிதான். பயப்பட வேண்டாம். நம் ஊர்த் தேவாலயங்களில் கல்யாணத்துக்கு முன் அறிவிப்பாக ஓலை வாசிப்பார்கள் இல்லையா, அதேதான். பெண் ஒரு பேரிஷ், மாப்பிள்ளை ஒரு பேரிஷ் என்றால் இரண்டு இடத்திலும் வாசிப்பார்கள். அந்தந்த ஊர் எழுத்தர் தன் ஏட்டில் எழுதிக்கொள்வார். பல நேரம் இரண்டுமே கல்யாணத் தேதியாக இருக்காது, ஓலை வாசித்த தேதியாகவோ அதற்குப் பணம் கட்டிய தேதியாகவோ இருக்கும். இரண்டின் படத்தையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றில் ‘இன்ன தேதியில் மணம் முடிந்தது’ என்று ஒரு வரி கூடுதலாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் தேவாலயத்துக்குள் நடந்திருக்கும் என்றும் நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் பெண் வீட்டிலேயே போதகர் வந்து நடத்திவைப்பார்.

இப்போது அப்பா விஷயம். அந்த ‘காலமானார்’ என்ற சொல்லை விடாதீர்கள், உங்களிடம் இருக்கும் நல்ல துப்பு அதுதான். 1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்தில் திருமணப் பதிவை அரசு ஏற்றுக்கொண்டது. அதில் மணமக்கள் இருவரின் அப்பா, அம்மா, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் இருக்கும். பெற்றோரில் யாராவது இறந்திருந்தால் அதையும் குறிப்பார்கள். மணப்பெண்ணுக்கு அண்ணன், அக்கா இருந்தால் அவர்களுடைய திருமணப் பதிவையும் எடுங்கள். அதில் அந்தச் சொல் இல்லையென்றால், அந்தத் தேதிக்கும் 1862-க்கும் நடுவில்தான் அவர் இறந்திருக்கிறார்.

இது ஏன் முக்கியம் தெரியுமா? 1855-லிருந்து 1860 வரை மட்டும் ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் புதைத்த இடத்துக்கென்றே ஒரு கட்டம் உண்டு. யார் அதற்குச் சான்று சொன்னார் என்பதும் இருக்கும். 1861-ல் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். நீங்கள் தேடும் நெசவாளர் அந்த ஆறு ஆண்டுக்குள் இறந்திருந்தால் தேடல் ஒரே படத்தில் முடியும். ஒரு படம் பார்க்கத் தளத்தில் காசு கட்டி வாங்கும் கிரெடிட் கொஞ்சம்தான் ஆகும்.

இன்னொன்று, நான் எல்லோரிடமும் சொல்வது: அம்மாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். கிர்ரிமியூர்ப் பக்கம் ஒரே பெயரில் பத்து நெசவாளர் இருப்பார்கள். ஆனால் இந்தப் பெயருள்ள அப்பா, இந்தப் பிறந்த வீட்டுப் பெயருள்ள அம்மா என்று சேர்த்துப் பார்த்தால் ஒரு வீடுதான் மிஞ்சும். இங்கிலாந்தில் திருமணப் பதிவேட்டில் அம்மா பெயருக்கு இடம் கிடைத்ததே 2021-ல்தான். இங்கே 1855-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் காகிதத்தில் காணாமல் போகவில்லை, நாம்தான் அவர்களைத் தேடாமல் விடுகிறோம்.

கிர்ரிமியூர் இருக்கும் ஆங்கஸ் மாவட்டத்துக்கு அந்தக் காலப் பதிவுகளில் ஃபார்ஃபர் என்றுதான் போட்டிருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

அபர்தீன் வாசி:

அக்கா, பழைய ஏட்டில் புதைப்பு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பல பேரிஷ்களில் அப்படி ஒரு ஏடே ஒழுங்காக வைக்கவில்லை. இருப்பதிலும் பாதி, சவப்பெட்டி மேல் போர்த்தும் துணிக்கு வசூலித்த வாடகைக் கணக்குதான். மார்ட்குளாத் என்பார்கள். வாடகை கட்டாதவர்கள் அந்தக் கணக்கில் வராமலே போயிருக்கலாம்.

டே வேலி குடும்ப வரலாற்றுச் சங்கம் டண்டீயிலேயே இருக்கிறது. ஆங்கஸ் கல்லறைத் தோட்டங்களின் கல்வெட்டு வாசகங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன, அங்கே கேட்டுப் பாருங்கள். கல்லில் மனைவியின் பெயரைப் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரோடு பொறித்திருப்பார்கள், அதனால் புத்தகத்தின் பின்னுள்ள பட்டியலில் இரண்டு பெயரையும் பாருங்கள்.

டண்டீ மருமகள்:

கிடைத்துவிட்டார்! ஐயா சொன்னபடியே செய்தேன். மூத்த அண்ணனின் 1857 திருமணப் பதிவில் அப்பா உயிரோடு இருக்கிறார். அப்புறம் இறப்புகளைத் தேடியதில் 1859 நவம்பர், கிர்ரிமியூர்.  புதைத்த இடம் என்ற கட்டத்தில் கிர்ரிமியூர் தேவாலயக் கல்லறைத் தோட்டம், கீழே கல்லறை வெட்டுபவரின் பெயர். தகவல் கொடுத்தவர் மகள். அதாவது 1862-ல் மணப்பெண்ணாக வருகிறாரே, அவரேதான். கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். பதினெட்டு வயது. மாமியார் அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

கல்வெட்டுப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. கல் வைக்கவில்லை போலிருக்கிறது.

அம்மாவைப் பிறந்த வீட்டுப் பெயரில் தேடினேன்: 1881, டண்டீ. புதைத்த இடம் அதில் இல்லை. இவருக்கு என்ன வழி?

ஏடுதேடி (எடின்பரோ):

ரொம்ப சந்தோஷம், சகோதரி. கல் இல்லாவிட்டாலும் தோட்டம் தெரிந்துவிட்டது, மாமியாரை அழைத்துப் போகலாம். கைத்தறி நெசவாளர் குடும்பத்துக்குக் கல் நடும் வசதி பெரும்பாலும் இருந்ததில்லை.

அம்மாவுக்கு: டண்டீயின் பழைய கல்லறைத் தோட்டமான ஹவ்ஃப் 1881-க்கு முன்பே மூடியாயிற்று, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பால்கே, கிழக்கு, மேற்குக் கல்லறைத் தோட்டங்கள்தான் முதலில். நகர மன்றத்தின் கல்லறைப் பிரிவுக்குப் பெயரும் இறந்த தேதியும் எழுதிக் கேளுங்கள். பிறந்த வீட்டுப் பெயர், கணவர் பெயர் இரண்டையும் கொடுங்கள். புதைகுழி மனைக்கு இங்கே லேயர் என்று பெயர். லேயர் எண் கிடைத்ததும், அந்த லேயரை யார் வாங்கினார், அதில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே லேயரில் பல பேர் இருப்பது சாதாரணம். உங்கள் 1862 மணப்பெண்ணும் அங்கேயே இருக்கலாம்.

அந்த 1881 பதிவில் அம்மாவின் பெற்றோர் பெயரும் இருக்கும், பார்த்தீர்களா? இருந்தால் இங்கே எழுதுங்கள். ஏர்லிப் பேரிஷ் சபை நடவடிக்கை ஏடுகள் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் பார்க்க இலவசம், நானும் சேர்ந்து புரட்டுகிறேன்.